சுக்கானறை வால்வு

இரவு பதினொன்று இருக்கும். துறைமுகத்தின் கடைசியில், கடலுக்குள் நீளும் கல் சாலை. ஒரு விளக்கும் எரியவில்லை. என் சிநேகிதனின் அத்தான் தன்னந்தனியாக ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தார். கடற்படைக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்.

பயமெல்லாம் இல்லை. எரிச்சல்தான். அவர் பார்க்கும் நாசகாரி வகைப் போர்க்கப்பல்கள் மொத்தம் நான்கு. இன்று ஓடுவது ஒன்றே ஒன்று. அதிலும் சுக்கானைத் திருப்பும் பம்பில் வால்வு உடைந்து இரண்டு மாதம். செய்த கம்பெனியையே மூடிவிட்டார்கள். கிடங்கைக் கேட்டால் தலைமையகத்தைக் கை காட்டும், தலைமையகம் கிடங்கைக் கை காட்டும். இப்போது புயலில் மீன்பிடிப் படகுகள் காணாமல் போயிருந்தன. விடிந்தால் கப்பல் கிளம்பியாக வேண்டும். பழைய கப்பலிலிருந்து கழற்றிக்கொள்ள சாயங்காலம்தான் அனுமதி வந்தது. முதல் நாளிலிருந்து அவர் தொண்டை கிழியக் கேட்டது அதைத்தான்.

பழையது என்றால், நான்கில் மூத்தது. ஓய்வு கொடுத்துக் கரையோரம் கட்டிப்போட்டு, வேண்டும்போதெல்லாம் பாகம் பாகமாகப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

உதவியாளர் அன்றைக்கென்று லீவு. பழைய கப்பலின் காவலர், ஏறும் பலகையோடு நின்றுகொண்டார்.

"உள்ள நான் வரலண்ணே."

ஏன் என்றதற்கு, கையிலிருந்த டார்ச்சை மட்டும் நீட்டினார்.

அடித்தளத்தில் துரு நாற்றம். எங்கோ தண்ணீர்... சொட்... சொட்... டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மூன்று நட்டுகளைக் கழற்றினார். நான்காவது அசையவில்லை. எண்ணெய் விட்டார், தட்டினார், தொங்கினார். விரல் முட்டியில் தோல் உரிந்ததுதான் மிச்சம். டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு அந்த நட்டை ஏழு தலைமுறைக்கும் திட்டினார். பழக்க தோஷம், கையைப் பின்னால் நீட்டினார்.

"பெரிய ஸ்பானரை எடு."

கையில் வந்து உட்கார்ந்தது.

ஒரே இழுப்பு. நட்டு கழன்றது, வால்வும் கையோடு வந்தது. அப்புறம்தான் உறைத்தது... தான் தனியாக வந்தவர்.

திரும்பிப் பார்க்கவில்லை. வால்வை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறினார். டங்... டங்... கீழேயும் ஒரு டங். அவர் நின்றால், ஒரு படி தள்ளி அதுவும் நின்றது.

பலகையில் காவலர் ஒதுங்கி வழிவிட்டார். அத்தான் தாண்டிப் போன பிறகும்... ஒதுங்கியே நின்றார்.

யாரிடம் சொல்வது? சொன்னால் அதற்கும் தலைமையகத்தைக் கேள் என்பார்கள். விடிவதற்குள் வால்வை மாட்டினார். கப்பல் கிளம்பியது. வீட்டுக்குப் போய்ப் படுத்தார்.

மத்தியானம் கப்பலிலிருந்து தலைமை இன்ஜினியர் போனில் கூப்பிட்டார்.

"பம்பு நல்லா ஓடுது. ஆனா நீங்க கூட அனுப்புன பெரியவர் அதை விட்டு நகர மாட்டேங்கறாரு. சாப்பிடக் கூப்பிட்டாலும் திரும்பல."

அத்தான் யாரையும் அனுப்பவில்லை. இன்ஜினியர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"துடைச்சுத் துடைச்சுப் பாத்துட்டோம்... அவர் நிக்கிற இடத்துல தண்ணி வத்தவே மாட்டேங்குது."