நாலு இன்ச் கீலுக்கு ஆறு நம்பர்

போடறேன் மேடம், கையெழுத்து போடாம நான் எங்க ஓடிடப் போறேன்? முதல்ல உக்காருங்க. ஐயையோ, அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. தலைமை ஆபீஸ்ல இருந்து அவ்ளோ தூரம் வந்திருக்கீங்க, வந்ததும் வராததுமா பேப்பரை நீட்டினா எப்படி?

படிச்சேன், படிச்சேன். திங்கக்கிழமையில இருந்து சேல்ஸ், கோடவுன், சர்வீஸ் எல்லாருக்கும் ஒரே லிஸ்ட்டு. ஒரு சாமானுக்கு ஒரே நம்பர். அதானே? சேல்ஸ் லிஸ்ட்டைப் பாத்துக்கறது நானு, என் கையெழுத்து இல்லாம ஆரம்பிக்க முடியாது. நல்ல காரியம்தான். நான் வேணாம்னா சொன்னேன்? கொஞ்சம் தள்ளிப் போட முடியுமான்னுதானே கேக்கறேன். ஒரு வருஷம், ரெண்டு வருஷம்.

சிரிக்காதீங்க. இப்ப என்ன குடியா முழுகிப்போச்சு? நாம விக்கிறது ராக்கெட்டா என்ன? கதவுக்கு மாட்டற கீலு, தாழ்ப்பாளு, பூட்டு. எங்க லிஸ்ட்டுல அது கீல் நாலு இன்ச்சு. கோடவுன்ல அதே சாமான் பித்தளைக் கீல் நடுத்தரம். சர்வீஸ்காரங்களுக்கு கதவு உதிரி, சின்னது. அவனவன் புடிச்ச முயலுக்கு மூணு காலு. ஆறு நம்பர் இருக்குன்னு நீங்க முகத்தைச் சுளிக்கிறீங்க, நாங்க அதுக்குள்ளயே இருபது வருஷமா குடித்தனம் பண்றோம்.

தப்பு நடந்திருக்கா? நடக்காம இருக்குமா! ஒரு ஹோட்டல்காரர் அறுபது ரூமுக்குப் பூட்டு கேட்டாரு. நான் எங்க நம்பரைப் போட்டு அனுப்பினேன். கோடவுன் லிஸ்ட்டுல அந்த நம்பருக்குப் பாத்ரூம் தாழ்ப்பாளு. அறுபதும் போய் இறங்கிடுச்சு. அவரு ஃபோன்ல கத்தறாரு, ஏம்மா, உள்ள இருந்தாதான் பூட்ட முடியும்னா வந்தவங்க எப்படிம்மா வெளிய போவாங்கன்னு. போகலைன்னா நல்லதுதானே சார், வாடகை வரும்னேன். அதுக்கு ஒரு மெமோ குடுத்தாங்க. இந்த டிராயர்லதான் எங்கயோ கெடக்கு.

அதுக்கப்புறம்தான் எங்க மேனேஜர் ஒரு சட்டம் போட்டாரு. சேல்ஸ்ல இருந்து வர்ற நம்பர் கோடவுன் லிஸ்ட்டோட ஒத்துப்போகலையா, மெயில் கிடையாது, சீட்டு கிடையாது. கோடவுன் சூப்பர்வைசர் ஃபோனை எடுத்து நேரா என்கிட்ட பேசணும். அப்புறம்தான் லாரி நகரும்.

பேசினீங்களா அந்த சூப்பர்வைசர்கிட்ட? உம்முனு இருந்திருப்பாரே. அந்தாளு அப்படித்தான். ஆனா வேலையில குறை சொல்ல முடியாது. இந்தக் கம்பெனியில தப்பே பண்ணாத ஒரே மனுஷன் அவருதான். ஆணியைக்கூட எண்ணி எண்ணித்தான் டப்பாவுல போடுவாரு. ஃபோன் எடுத்தா ஒரு ஹலோ கிடையாது. பதினேழு நாப்பத்தாறுன்னு ஒண்ணு வந்திருக்கு, என்ன அது? நான் சொல்லுவேன், நாலு இன்ச் கீலுன்னு. அதுக்கு ஏற்கெனவே நம்பர் இருக்கேன்னுவாரு. இருந்துட்டுப் போகட்டுமேன்னுவேன். ஒரு பெருமூச்சு விடுவாரு பாருங்க, இங்க என் காது சுடும். சரின்னுட்டு டொக்குனு வெச்சிடுவாரு.

ஏன் புது நம்பர் போட்டேனா? கை தவறிடுச்சு.

எல்லாத்துக்குமான்னா... நீங்க விடமாட்டீங்க போலிருக்கே. எந்திரிச்சு அந்தக் கதவைச் சாத்திட்டு வாங்க, சொல்றேன். வேணும்னேதான் போட்டேன். வாரத்துக்கு ரெண்டு. என் கை அரிச்சா மூணு.

முறைக்காதீங்க மேடம். கம்பெனிக்கு ஒரு நஷ்டமும் இல்ல. எனக்குத் தேவை அந்த ஃபோனு. அவரு என் வீட்டுக்காரரு.

ஆமா, சொந்தப் புருஷன்தான். ஒரே வீடுதான், ஒரே பஸ்ஸுலதான் வர்றோம். அவரு முன் சீட்டு, நான் பின் சீட்டு. வீட்டுல பேசி ரெண்டு வருஷமாச்சு. எங்கம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, இங்க ஸ்டாக் எண்ணிட்டிருக்கோம், விட்டுட்டு வர முடியாதுன்னு மூணு நாள் வரலை. நாலாவது நாள் வந்தாரு. அம்மா மூணாவது நாளே போயிட்டாங்க. உங்க ஆணியை எண்ணி முடிச்சாச்சான்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன். திரும்பி நின்னவருதான். எனக்கும் இறங்கி வர மனசில்ல. முதல்ல உப்பு வேணும்னாகூட பொண்ணு வழியா சேதி வரும். அவளையும் கட்டிக்குடுத்தாச்சு. இப்ப வீட்டுல ஃபேன் சத்தம்தான்.

இந்த நிலைமையில ஒரு நாள் நெஜமாவே கை தவறி ஒரு நம்பர் போட்டுட்டேன். ஃபோன் வந்துச்சு. சட்டமாச்சே, பேசித்தானே ஆகணும்! என் புருஷன் என்கிட்ட பதினோரு வார்த்தை பேசினாரு மேடம். எண்ணினேன். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், பாத்ரூமுக்குப் போய் அழுதேன். அடுத்த வாரம் இன்னொரு நம்பர் போட்டேன். இப்ப சொல்லுங்க, ஒரே லிஸ்ட்டு ஆயிட்டா அவரு எதுக்கு என்னைக் கூப்பிடுவாரு?

இந்த மாதிரி ரெட்டை நம்பர் மொத்தம் எத்தனைன்னீங்க? நானூத்தி பதினொண்ணா? சான்ஸே இல்ல. நான் போட்டது இருநூறைத் தாண்டாது, அதுல நான் கறாரு. மிச்சம் யாரு போட்டா? யாரு ஐடியில ஏறியிருக்குன்னு உங்க பேப்பர்ல இருக்குமே, திருப்புங்க.

கோடவுனா? சரியாப் பாருங்க மேடம். அங்க ஐடி வெச்சிருக்கறது ஒரே ஆளுதான். இருக்கற சாமானுக்கே புது நம்பர் போட்டுட்டு, அது என்னன்னு எனக்கே ஃபோன் பண்ணிக் கேட்டாரா? அவரா?

தேதியைக் காட்டுங்க. இது... இது நான் காய்ச்சல்ல ஒரு வாரம் லீவுல இருந்தேனே, அப்ப ஒண்ணுகூட இல்ல. நான் திரும்பி வந்த திங்கக்கிழமை, ஒரே நாள்ல ஒம்பது. அன்னிக்கு பூரா ஃபோன் அடிச்சிட்டே இருந்துச்சு, கம்ப்யூட்டருக்குப் பைத்தியம் புடிச்சிடுச்சுன்னு நான் திட்டிட்டிருந்தேன். அடப்பாவி மனுஷா. வீட்டுல எதிர் ரூம்லதான் காய்ச்சலோட படுத்திருந்தேன், அங்க வந்து ஒரு வார்த்தை கேக்கத் தெரியலையே உனக்கு.

ஒண்ணுமில்ல மேடம், கண்ணுல ஏதோ விழுந்திடுச்சு. பேனாவைக் குடுங்க. எங்க, இங்கயா? இந்தாங்க, போட்டாச்சு. வெச்சுக்கோங்க உங்க ஒரே லிஸ்ட்டை.

அந்த ஃபோனை இப்படிக் கொஞ்சம் தள்ளுங்க. ஒரே நிமிஷம்.

ஆங், நான்தாங்க. இல்ல, எந்த நம்பரும் தப்பில்ல. சும்மாதான் கூப்பிட்டேன்.