நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

எந்தக் கட்டுரையையும் நான் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பேன், இன்ஸ்பெக்டர் சார். எழுதியவன் எங்கிருந்து எடுத்தான் என்று பார்த்துவிட்டால், அவன் பேச்சைக் கேட்கலாமா வேண்டாமா என்பது தெரிந்துவிடும். பக்கத்து அறையில் அழுதுகொண்டிருக்கும் டெனிசன் சாருக்கு இந்தப் பழக்கம் கிடையாது. அடிக்குறிப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கமாட்டார்.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் இருக்கும் எங்கள் பெயின்ட் கம்பெனியில் அவர் சேஃப்டி ஆபீசர். அஞ்சல் வழியில் ஏதோ ஆராய்ச்சியும் செய்கிறார். நான் லைப்ரரி கிளார்க். லைப்ரரி என்றால் அவருடைய நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் பீரோ. வேலை அதிகமில்லை என்பதால் மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறாம் வருடக் கடைசியில், பெயின்ட்டைக் கரைக்கும் தின்னர் தொட்டிக்குள் இறங்கிக் கழுவிய சிலர் மயங்கி விழுந்தார்கள். நான் அவர்களிடம் விசாரித்து, மூடியைத் திறந்துபோட்டு, நெடி போக ஒரு நாளாவது காத்திருக்க வேண்டும் என்று கட்டுரை எழுதிக் கொடுத்தேன். டெனிசன் சார் அதைக் கேன்டீனில் எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டினார்.

"எவனோ சொன்னான், அவன் மச்சான் பார்த்தான். இதுக்குப் பேரு ஆராய்ச்சியாப்பா? நீ கதப் பொஸ்தகமே படிச்சிகினு இரு."

சாம்பார் வாளியோடு நின்றவன்கூடச் சிரித்தான்.

ஆகவே அவருக்குப் பிடிக்கிற மாதிரி ஒன்று எழுதினேன். ஒரு மணி நேரம் காத்திருந்தால் போதும் என்று, ஆங்கிலத்தில். ஆசிரியர் பெயரை அப்போது படித்துக்கொண்டிருந்த நாவலின் குதிரைவண்டிக்காரனிடமிருந்து எடுத்துக்கொண்டு, அவனுக்கு முனைவர் பட்டமும் கொடுத்தேன். பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு. காஞ்சிபுரத்தில் டைப் அடித்து, ஜெராக்ஸையே மறுபடி ஜெராக்ஸ் எடுத்தேன். எழுத்து மங்கினால் மரியாதை கூடுகிறது. தபாலில் வந்ததென்று அவர் மேசையில் வைத்தேன்.

நான் நேர்மையாகத்தான் நடந்துகொண்டேன். முக்கியமான அடிக்குறிப்பில், அந்தப் பீரோவிலேயே இருக்கும் ஒரு புத்தகத்தின் நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைக் காட்டியிருந்தேன். அந்தப் புத்தகம் முந்நூறு பக்கத்தைத் தாண்டாது. நாற்காலியைத் திருப்பிக் கையை நீட்டியிருந்தால் போதும். அவர் நீட்டவில்லை. "ஒரு மணி நேரம்" என்று போர்டு எழுதி, கீழே தன் பெயரையும் போட்டு, தொட்டிப் பக்கத்தில் மாட்டினார்.

திங்கட்கிழமை மீட்டிங்கில் மேனேஜர் முன்னால் அந்தப் புத்தகத்தை விரித்துக் காட்டுவதாக இருந்தேன். சனிக்கிழமையே கண்ணப்பன் வந்துவிட்டான். வடக்குப்பட்டுப் பையன், அந்த வேலைக்குப் புதிது.

"அண்ணே, மூடியத் தொறந்து ஒரு மணி நேரத்துல எறங்கலாம்னு போர்டுல போட்டுக்கீது. இன்னும் நெடி அடிக்குதே. நீ படிக்கிறவரு, சொல்லுண்ணே. நெசந்தானா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் விஷயம் டெனிசன் சாருக்குப் போகும், போர்டு இறங்கிவிடும், திங்கட்கிழமை காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

"பெரிய ஆராய்ச்சியில வந்துகீது, கண்ணப்பா. எறங்கு" என்றேன்.

"நீ சொன்னா சரிதாண்ணே" என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு போனான். தூக்கி வெளியே போட்டபோது மூச்சு இல்லை.

அவனை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், சார். அந்தக் கம்பெனியில் ஆதாரத்தைச் சரிபார்த்தவன் அவன் ஒருவன்தான். எழுதியவனிடமே நேராக வந்து கேட்டான். டெனிசன் சாருக்கு அந்த யோசனை கடைசிவரை வரவில்லை, பாருங்கள்.