காதைத் தொட்டா ஏணி வருவான்

...அதைத்தான் சார் நானும் கேக்கறேன், ஜெர்சி முட்டி வரைக்கும் தொங்கினா அதை எங்க கொண்டுபோய் சொருவறது? ரெஃப்ரி விசில் ஊதி, இத்தனை பேர் முன்னாடி இவரை மட்டும் நிறுத்தி, 'உள்ள விடு, உள்ள விடு'ங்கறார். விட்டா தொப்பை வச்ச மாதிரி ஆயிடுது! கிளப்புல சின்ன சைஸே கிடையாதாம். ஒருத்தருக்காகத் தனியா தைக்க முடியாதாம். நான்தான் ராவெல்லாம் உக்காந்து மடிச்சுத் தச்சேன், அதுவும் பிரிஞ்சு தொங்குது பாருங்க... ஆமா, அவர்தான். பந்தைத் தட்டிக்கிட்டு வர்றாரே, அந்தக் கட்டையானவரு. எங்க வீட்டுக்காரர். சிரிக்காதீங்க சார். சரி, சிரிங்க. பொண்ணு பாக்க வந்தப்போ நானே சிரிச்சேன்.

அந்தப் பையை எடுத்துடறேன், நல்லா சாஞ்சு உக்காருங்க. உங்களைப் பாத்ததுமே எனக்குப் பிடிச்சுப்போச்சு. அமைதியான ஆளு. போன தடவை பக்கத்துல ஒரு அம்மா, நான் வாயைத் திறந்தாலே 'உஷ்'ங்கறாங்க. விளையாட்டு பாக்க வந்த இடத்துல என்ன உஷ்?

எங்க விட்டேன்... ஆங், உயரம். என் தோள் வரைக்கும்தான் வருவாரு. கல்யாண ஃபோட்டோல நான் நாற்காலியில உக்காந்திருக்கேன், அவர் பக்கத்துல நிக்கிறாரு, அப்பவும் ஃபோட்டோகிராஃபர் என்னைக் கொஞ்சம் குனியச் சொன்னான்! இந்த மனுஷனுக்குப் போய் இந்த விளையாட்டு. செஸ் ஆடலாம். கேரம் ஆடலாம். இல்ல, கூடை எங்கயோ உச்சாணில இருக்கே, அதுலதான் பந்தைப் போடுவேன்னு அடம்.

முதமுதல்ல ஆள் எடுக்கறாங்கன்னு போனாரா, வாசல்ல வாட்ச்மேன் உள்ளயே விடல. 'டிக்கெட் எடுத்துட்டு வா தம்பி'ன்னுட்டான். எப்படியோ உள்ள போனா, கோச்சு மேலயும் கீழயும் பாத்துட்டு, 'தண்ணி பாட்டில அந்த ஓரமா வை'ன்னாரு. இவர் வச்சாரு! வச்சுட்டு வந்து அந்தக் கோச்சு கையில இருந்த பந்தையே தட்டிட்டு ஓடிட்டாரு. ஓடிப்போய்ப் போட்டுட்டாரு சார் கூடைல! அவங்க நெட்டை நெட்டையா குனிஞ்சு பாக்கறதுக்குள்ள இவர் முட்டிக்கு நடுவுல பூந்து போயிடுவாரு. அதான் இவர் வித்தை. உயரமா இருக்கறவனுக்குக் கீழ நடக்கறது எதுவும் தெரியாது.

அப்படியே பாயிண்ட் கார்டு ஆக்கிட்டாங்க. அதாவது, பந்தை எடுத்துட்டு வந்து யாருக்குக் குடுக்கறதுன்னு முடிவு பண்ற வேலை. வீட்ல ஒரு முடிவு எடுக்க மாட்டாரு, எந்தக் கலர் பெயிண்டுன்னு கேட்டா என் மூஞ்சியைப் பாப்பாரு. இங்க பாருங்க, எப்படி அதட்டறாருன்னு!

அடி! போடு! உள்ள! பாத்தீங்களா சார், பாத்தீங்களா? என்ன... இவர் காதைத் தொட்டதுக்கு என்ன அர்த்தமா? பரவால்லையே, நல்லாக் கவனிக்கிறீங்களே! சொல்றேன். காதைத் தொட்டா அந்த நெட்டை இருக்கானே, நாங்க ஏணின்னு கூப்பிடுவோம், அவன் இடது பக்கமா உள்ள வருவான், பந்து அவனுக்கு. மூக்கைச் சொறிஞ்சா வலது மூலைல நிக்கிற சுருட்டை முடிக்காரனுக்கு. இடுப்புல கை வச்சா, யாருக்கும் கிடையாது, இவரே போவாரு. 

எனக்குத் தெரியாம என்ன சார்! எல்லாம் எங்க வீட்டு ஹால்ல பழகினதுதானே. அழுக்குத் துணிக் கூடையை ஃபிரிட்ஜ் மேல வச்சுடுவாரு. நாற்காலியெல்லாம் எதிர் டீம். எங்க மாமியார் ஸ்டூல் மேல ஏறி ரெண்டு கையையும் தூக்கிட்டு நிக்கணும், அவங்க எதிர் டீம் நெட்டை. நிப்பாங்க, ஆனா கண்ணு டீவில இருக்கும். நான் கரண்டியோட வலது மூலைல. மூக்கைச் சொறிஞ்சதும் பந்து எனக்கு வரும். ஒரு நாள் பிடிச்சேன் பாருங்க, பிடிச்சு வீசினேன், மாமியார் மூக்குக்கண்ணாடி போச்சு. வேணும்னே பண்ணேன்னு இன்னைக்கு வரைக்கும் சொல்றாங்க.

ஃபோன்ல யாருக்கு சார், வீட்டம்மாவுக்கா? அனுப்புங்க, அனுப்புங்க. விளையாட்டுக்கு நடுவுலயும் பொண்டாட்டியை நெனைக்கிற மனுஷன்! இவரும் இருக்காரே, வெளியூர் போனா சாப்ட்டியான்னு ஒரு வார்த்தை வராது.

அட... என்னது அது? ஏணிக்குக் குடுத்த பந்தை எதிர் டீம்காரன் எப்படிப் பிடிச்சான்? முன்னாடியே போய் நிக்கிறானே! சரி, விடுங்க, ஒண்ணு ரெண்டு போகும்.

இல்ல சார், இன்னைக்கு ஒண்ணு ரெண்டுகூடப் போகக் கூடாது. அதைச் சொல்லல பாருங்க. மேனேஜர் காலைல கூப்பிட்டு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு. இன்னைக்கு ஜெயிச்சா இன்னும் ரெண்டு வருஷம் வச்சுக்கறோம். தோத்தா அவ்வளவுதான், உயரமா ஒருத்தனைப் பாத்து வச்சிருக்கோம், அப்படீன்னு. இத்தனை வருஷம் இவர் முதுகுல விழாத முழங்கை இல்ல சார். ராத்திரி தைலம் தேய்க்கறவளுக்குத் தெரியும். உயரமா ஒருத்தனாம்! வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிட்டு, ஃபிரிட்ஜ் மேல இருந்த துணிக்கூடையை எடுத்து பாத்ரூம்ல வச்சுட்டாரு.

இந்த மனுஷன் விளையாடாம வீட்ல உக்காந்தா என்ன ஆவாருன்னு எனக்குத் தெரியும். கால் ஒடிஞ்சு ஒரு மாசம் கிடந்தாரே, அப்போ மாமியார் நடக்கறதைப் பாத்து, 'அம்மா இடது பக்கம் சாய்ஞ்சு நடக்கறா, ஈஸியா தாண்டிடலாம்'னாரு. அந்த நிலைமை எனக்கு மறுபடி வேண்டாம் சார்.

மூக்கு! மூக்கைச் சொறியறாரு, சுருட்டைக்குப் போகும் பாருங்க... அய்யய்யோ! அங்கயும் ரெண்டு பேர் காத்துட்டு நிக்கிறானுங்க! இவனுங்களுக்கு ஜோசியம் தெரியுமா? முதல் பாதில ஒருத்தனும் கிட்ட வர முடியல, எவ்வளவு முன்னாடி இருந்தோம்! இப்பப் பாருங்க, ஒரு பாயிண்ட் பின்னாடி போயிட்டோம். எங்க கோச்சைச் சொல்லணும், மண்ணு மாதிரி உக்காந்திருக்காரு. அவங்க பெஞ்சு மட்டும் என்ன வாழுது? அந்த மொட்டைத்தலைக்காரர் இருக்காரே, அவங்க கோச்சுக்குப் பக்கத்துல, வந்ததுல இருந்து ஃபோனையே பாத்துட்டு இருக்காரு. சம்பளம் வாங்கறாங்களே, வெக்கமா இருக்காது?

ஆமா சார், இடுப்புல கை வச்சா இவரேதான். அதைத்தான் அப்பவே சொன்னேனே. மறந்துட்டீங்களா? அனுப்புங்க, அனுப்புங்க, வீட்டம்மா காத்துட்டு இருப்பாங்க...

பாருங்க, அந்த மொட்டை மறுபடியும் ஃபோனை எடுத்துட்டாரு. பாத்துட்டு கோச்சு காதுல போய் என்னமோ... கோச்சு கத்தறாரு... மூணு பேர் இவரையே சுத்திக்கிட்டு...

...

ஒண்ணுமில்ல சார். கத்திக் கத்தி நாக்கு வறண்டுபோச்சு. உங்க வீட்டம்மா... சௌக்கியமா? நல்லது. ரொம்ப நல்லது. தண்ணி இருக்கா? குடுங்க.

கடைசி டைம் அவுட், ஆட்டத்தை நிறுத்திட்டு ரெண்டு டீமும் கூடிப் பேசறாங்க. இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்கு, பந்து நம்மகிட்ட. இப்ப என்ன பண்ணுவாருன்னு கேக்கறீங்களா? கேளுங்க சார், தாராளமாக் கேளுங்க. கொஞ்சம் கிட்ட வாங்க. இதை யாருக்கும் சொன்னதில்ல, மாமியாருக்கே தெரியாது. உங்க மூஞ்சியைப் பாத்தா மறைக்க மனசு வரல.

இப்ப வயித்தைத் தடவறாரு பாருங்க. பாத்தீங்களா? ஆங். வயித்தைத் தடவிட்டாருன்னா அதுக்கப்புறம் காது, மூக்கு, இடுப்பு எல்லாம் சும்மா. கண்ணுல மண்ணைத் தூவ. பந்து நேரா இடது மூலைக்குப் போகும், ஏணி அங்க நின்னு போடுவான். அஞ்சு பேரும் அங்க போய் அடைச்சாத்தான் தடுக்க முடியும், இல்லேன்னா எங்களை யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. சீக்கிரம்... சீக்கிரம் ஆரம்பிச்சா நல்லாருக்கும்னு சொல்ல வந்தேன். என்ன சார், மறுபடியும் வீட்டம்மாவுக்கா? நிதானமா அடிங்க. 'இடது மூலை'. ஆங், 'மூலை'.

மொட்டை எடுத்துட்டாரு... படிக்கிறாரு... கோச்சுக்குச் சொல்லிட்டாரு...

வந்துட்டாரு, வந்துட்டாரு. இடுப்புல கை வைக்கிறாரு. வைங்க, நல்லா வைங்க! ஓடறானுங்க! மூலைக்கு ஓடறானுங்க சார், அத்தனை பேரும்! ஏணி முழிக்கிறான், அவனுக்கே ஒண்ணும் புரியல! நடுவுல ஒருத்தன் இல்ல, ரோடு மாதிரி காலியாக் கிடக்கு! ஏங்க! ஏங்க, போங்க! அதிசயமா நின்னு பாக்காதீங்க, போங்க! போட்டாரு! போட்டுட்டாரு! மணி அடிச்சுட்டான்! அய்யோ, அய்யோ, எனக்குக் கண்ணெல்லாம் தண்ணி... ரெண்டு வருஷம் சார், ரெண்டு வருஷம்! தூக்கறானுங்க பாருங்க, ஏணி தோள் மேல உக்கார வச்சுட்டான்! எவ்வளவு உயரத்துல இருக்காரு என் ராசா! கையை நீட்டினா அந்தக் கூடைக்கே எட்டும் போல!

சார்? எங்க கிளம்பிட்டீங்க? தண்ணி பாட்டில் உங்களது! சார்! ஏன் சார் ஓடறீங்க, படியைப் பாத்து இறங்குங்க! வயித்தைத் தடவினா என்னன்னு தெரியுமா? பசிக்குதாம்! ஒவ்வொரு மேட்ச்சு கடைசிலயும் தடவுவாரு, வீட்ல என்ன சாப்பாடுன்னு என்னைக் கேக்கறாரு! இன்னைக்கு ஒண்ணும் ஆக்கல, பயத்துல அடுப்பே பத்த வைக்கல!

மொட்டைத்தலைக்காரரைக் கேட்டதாச் சொல்லுங்க! உங்க மேல எனக்குக் கோவமே இல்ல சார்! தப்பு என்னுதுதான், நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா பாதி நேரத்துலயே ஜெயிச்சிருப்போம்! அது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சாப் போதும், கேக்குதா? எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் யாரும் சொல்லிடாதீங்க, நான்தான் எல்லா ஜாடையையும் உளறினேன்னு...

ஐயோ, இங்கதான் திரும்பிப் பாக்கறாரு.