வயித்தெரிச்சல் கல்லு

ரயிலு நம்ம பக்கம் எட்டிக்கூடப் பாக்காத காலம். வண்டி பூட்டி, கட்டுச்சோறு கட்டி, பிள்ளையளைக் காலேசுக்கு அனுப்புன காலம். தாமிரபரணிக் கரையில ஒரு ஊரு. அந்த ஊருல ஒரு காலேசு. அங்க எஃப்.ஏ.ங்குத ரெண்டு வருசப் படிப்பு படிச்சவருதான் எங்க பூட்டன் சங்கிலிபூதம். பெரிய மனுசன்தான். ஆனா வயித்தெரிச்சல் புடிச்ச மனுசன். சொந்தப் பூட்டனை இப்படிச் சொல்லலாமான்னு கேக்காதீய. மூடி மறைச்சுச் சொன்னா அது கதையா இருக்காது.

அவருக்கு யாரு மேல எரிச்சல்? ஒரே பெஞ்சுல கூட உக்காந்து படிச்ச வேதமாணிக்கத்து மேல. ரெண்டு பேரும் வாய்க்காலைத் தாண்டித் தாண்டி வளந்த பயலுவதான். ஆனா நீளம் தாண்டுறதுல வேதமாணிக்கம்தான் முந்தி. அவன் எவ்வுனா, மணல்ல வந்து விழுறதுக்குள்ள ஒரு வெத்தில போட்டு முடிச்சிரலாம்னு சொல்லுவாவ. காலேசுத் துரை அவன் முதுகுல தட்டிக் குடுப்பாராம், பூதத்துக்கு வயிறு எரியுமாம். விடுதிச் சமையக்காரரு அவனுக்கு ஒரு அப்பளம் கூட வைப்பாராம், பூதத்துக்கு வயிறு எரியுமாம். அவன் தும்முனா நாலு பேரு என்னாச்சுன்னு கேப்பாவளாம், அதுக்கும் எரியுமாம்.

அந்த வருசம் விளையாட்டு விழாவுக்குத் துரை ஒரு புதுச் சட்டம் போட்டாரு. ஒரு வாரம் முந்தியே எல்லாரையும் தாண்டச் சொல்லி, அவனவன் விழுந்த எடத்துல அவனவன் பேருக்கு ஒரு கல்லு நட்டாரு. "விழாவன்னைக்குத் தன் கல்லைத் தானே யாரு கூடுதலாத் தாண்டுதானோ, அவனுக்கு வெள்ளிக் கிண்ணம்"னாரு. பூதத்தோட அய்யா விழாவுக்கு வாராரு. எம் மவன்தான் கிண்ணம் வாங்குவான்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சிட்டு வாராரு.

விழாவன்னைக்குக் காலம்பற ஜெபத்துக்கு மணி அடிச்சுது. எல்லாரும் வேதக்கோயிலுக்குள்ள. பூதம் மட்டும் மைதானத்துல. வேதமாணிக்கத்துக் கல்லைப் புடுங்குனாரு. ஒரு முழம் தள்ளி நட்டாரு. மிதிச்சு, மணலைத் தூவி, ஆமென் சொல்லுத நேரத்துக்கு வந்து கடைசி வரிசையில கண்ணை மூடி நின்னுக்கிட்டாராம். எம்புட்டுப் பக்தி பாருங்க!

சாயங்காலம் பூதம் தாண்டுனாரு. தன் கல்லுக்கு நாலு விரக்கடை அந்தாண்ட விழுந்தாரு. மத்த பயலுவ யாருக்கும் அம்புட்டுக்கூட வாய்க்கல. கடைசியா வேதமாணிக்கம் வந்தான். கல்லைப் பாத்தான். கண்ணைக் கசக்கிக்கிட்டு மறுபடியும் பாத்தான்.

"ஏல பூதம், கல்லு என்னல அம்புட்டுத் தூரத்துல தெரியுது?"

"பயந்தவன் கண்ணுக்கு அப்படித்தாம்ல தெரியும். நீ தாண்டுன எடந்தான?"

"அதுவும் சரிதான். நான் தாண்டுனதுதான"ன்னான்.

வேட்டியத் தார்ப்பாய்ச்சிக் கட்டுனான். ஓடி வந்தான். எவ்வுனான். என்னத்தச் சொல்ல மக்கா! அப்படி ஒரு தாண்டலை அந்த ஊரு அதுவரைக்கும் பாத்ததில்ல. ஆனா பாத்துக்கிட்டு இருந்த ஊருக்கு அது தெரியல. அவன் குதிங்கால் கல்லை உரசி நின்னுது, அம்புட்டுதான்.

துரை குனிஞ்சு பாத்தாரு. "சமம். கூடுதல் இல்ல"ன்னுட்டாரு. கிண்ணம் பூதத்துக் கைக்கு வந்துட்டு. அய்யா துண்டைச் சுத்திச் சுத்தி ஆட்டுதாரு. வேதமாணிக்கம் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு, "எனக்குக் கால் கெட்டுப்போச்சு மக்கா, இனிமே தாண்ட மாட்டேன்"ங்கான்.

இப்பமாவது பூதத்துக்கு எரிச்சல் அடங்கணுமா இல்லையா? அடங்கல. கூடிப்போச்சு. ஏமாத்தியும் தாண்டிட்டானே பாவி! ஒரு முழம் கூடுதலாத் தாண்டிட்டானே! அது எப்பேர்ப்பட்ட தாண்டல்னு தெரிஞ்ச ஆளு உலகத்துலயே இவரு ஒருத்தருதான். சொன்னா மானம் போவும். சொல்லலன்னா வயிறு வெடிச்சிரும். எம்புட்டு நேரந்தான் அடக்குவாரு?

"தொரைகளே! கல்லு அங்க இல்ல, இங்க இருந்துது! நாந்தான் தள்ளி நட்டேன்! இந்தப் பாவிப்பய ஒரு முழம் கூடுதலாத் தாண்டிட்டான்!"ன்னு கத்துனாராம்.

அய்யா கையில துண்டு அப்படியே நின்னுபோச்சு. கிண்ணம் கை மாறிட்டு. வேதமாணிக்கம் நேரா பூதத்துகிட்ட வந்தான். அடிக்கத்தான் வாரான்னு எல்லாரும் ஒதுங்குனாவ. அவன் அடிக்கல.

"கல்லு பழைய எடத்துல இருந்திருந்தா நானும் பழைய எடத்துலதாம்ல விழுந்திருப்பேன். அடுத்த வருசமும் எனக்கு நீதான் கல்லு வைக்கணும்"னானாம்.

அதோட எரிச்சல் தீந்துச்சான்னு கேக்கீயளா? எங்க! சாவுத வரைக்கும் எரிஞ்சாரு. அடுத்த வருசம் இன்னொரு சாண் தள்ளி வச்சிட்டு, இதை மட்டும் தாண்டட்டும் பாப்போம்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னாராம். அவன் அதையும் தாண்டிட்டான்.

அந்தக் கல்லு இன்னைக்கும் மைதானத்து ஓரத்துல கெடக்கு. வயித்தெரிச்சல் கல்லுன்னுதான் பேரு. அந்தக் காலேசுல தாண்டுதவன் யாரும் தன் கல்லைத் தானே வைக்கப்படாது. "எம்மேல எரிச்சல் உள்ளவன் வந்து வைல!"ன்னு கூப்புடணும். ஒருத்தனும் வரலைன்னா, கல்லை அக்குள்ள இடுக்கிக்கிட்டுத் திரும்பிப் போவான். அடுத்தவன் எரிச்சல்படுத அளவுக்கு அவன் இன்னும் தாண்டலன்னு அர்த்தம்.

போன வருசம், அங்க படிக்குத எம் பேத்தி கூப்புட்டா. அஞ்சாறு புள்ளைய போட்டி போட்டுக்கிட்டு ஓடி வந்துச்சுவ. எங்க பூட்டன் உசுரோட இருந்திருந்தா, அவருதான் மொதல்ல ஓடி வந்திருப்பாரு.