மார்ச் நாலாந்தேதி வெளிச்சம்

— அந்த நோட்டப் பெறகு காட்டு, தம்பி ரூபா. முதல்ல சட்டையப் போடு. போலீஸ் டேசனுக்குப் போகணும்.

— டேசனுக்கா? எதுக்குக்கா?

— ஒன் மச்சானக் காணோம்.

— பந்தல்குடியில தங்கச்சி வீட்டுல இருக்காகன்னு நீதான சொன்ன?

— அங்க போறேன்னுதான் புல்லட்ட எடுத்தாக. இன்னைக்குக் கோயில் முடிஞ்சு வாரேன், அந்தத் தங்கச்சி பஸ்ஸ விட்டு எறங்குது. ‘அண்ணன் சொகமா இருக்காகளா மதினி’ன்னு எங்கிட்ட கேக்குது. பதினோரு நாளா அவுக அங்க போகவே இல்லலே.

— அப்படி என்ன சண்ட?

— சாம்பப் புதனும் அதுவுமா, கவிச்சி தொடக் கூடாத நாள்ல கறி எடுத்துட்டு வந்தாக. நெத்தியில பூசுன சாம்ப கூட அழியல. பையோட தூக்கித் தெருவுல எறிஞ்சேன். இனி வாசப்படி மிதிக்காதீகன்னும் சொல்லிட்டேன். அத மனசுல வச்சு ஒரேயடியா என்னைய விட்டுட்டுப் போயிட்டாகளோன்னு இருக்கு.

— மச்சான் அப்படிப்பட்ட ஆளு இல்லக்கா. இரு, வாரேன். இந்த நோட்டையும் எடுத்துக்கிறேன். டவுனுல பேப்பர் ஆபீசுக்குத் தபால் போடணும்.

— மனுசனக் காணோங்கேன், நீ பறக்கும் தட்டுங்கிற.

— ஊரே என்னையக் கிறுக்கன்னு சிரிக்குது. நீயாச்சும் ஒரு நிமிசம் கேளேன். வீரசோழன் ஊர்க்காரரு ரபீக்கு துபாய்ல இருந்து எனக்கு பைனாக்குலர் கொண்டாந்து மூணு வருசமாச்சு. எரிகல்லு, ராக்கெட்டு எல்லாம் எனக்கு அத்துபடி. இது சத்தியமா வேற. ஒத்த வெளிச்சம், தரைய ஒட்டியே வந்துச்சு. வெள்ளத்துரை தோட்டத்துக்கு மேக்க, கருவக்காட்டுல பட்டுன்னு மறைஞ்சிருச்சு. அடுத்த நொடி அதே எடத்துல, பூமிக்குள்ள இருந்து ஆகாசத்தப் பாத்துத் தூணு கணக்கா வெளிச்சம் நிக்குது.

— இது என்னைக்கு?

— இந்தா, எழுதியிருக்கேன். மார்ச் நாலு, ராத்திரி ஒம்பது பத்து.

— என்ன கெழம?

— புதன்.

— ரூபா.

— என்னக்கா?

— அவுக கெளம்புனது ஒம்பது மணிக்கு. பந்தல்குடிக்குக் குறுக்குப் பாதை அந்தக் கருவக்காட்டுக்குள்ளதான போகுது.

— ஆமா.

— அங்க ஒரு பாழுங்கெணறு இருக்குலே. சுத்துச்சுவரு இல்லாத கெணறு.

— அதுல தண்ணி வத்தி ஏழெட்டு வருசமாச்சேக்கா.

— தண்ணி கெடந்திருந்தா லைட்டு அணைஞ்சிருக்கும்.

— அக்கா.

— விடிஞ்சாச்சும் நீ கிட்ட போய்ப் பாக்கலையா?

— எறங்குன எடத்துல கதிர்வீச்சு இருக்கும், ஒரு மாசத்துக்கு யாரும் அண்டக் கூடாதுன்னு பொஸ்தகத்துல போட்டிருந்துச்சு. ஆடு மேய்க்கிறவுகளையும் அந்தப் பக்கம் போகாதீகன்னு நாந்தான் சொல்லி வச்சேன்.

— வேற என்ன பாத்த? மறைக்காமச் சொல்லு.

— சத்தம் கேட்டுச்சு. அமுங்குன சத்தம். மூணு மூணா, விட்டு விட்டு.

— புல்லட்டு ஆரனுலே அது. ஆரன் அடிச்சிருக்காக. உசுரோட இருந்திருக்காக.

— எனக்குத் தெரியலக்கா. தட்டுல வந்தவுக என்னையத்தான் கூப்பிடுறாகன்னு பாறை மேல நின்னு டார்ச்ச மூணு தடவ அடிச்சுக் காட்டுனேன். ஒடனே சத்தம் நின்னுருச்சு. நான் பாத்துட்டேன்னு அவுகளுக்குப் புரிஞ்சிருச்சுன்னு, சந்தோசமா வீட்டுக்கு வந்து படுத்துட்டேன்.