ஆடாத படம்

கல்யாண வீடியோவில் எனக்குப் பிடிக்காத ஒன்று, தாலி கட்டும் நேரத்தில் படம் ஆடுவது. மாப்பிள்ளைக்குக் கை நடுங்கலாம் ஐயா, நியாயம். கேமராக்காரருக்கு எதற்கு நடுங்க வேண்டும்?

இந்த எண்பத்தாறாம் வருஷத் தொடக்கத்தில் எங்கள் கல்லூரித் திரைப்பட மன்றம் தல்லாகுளத்தில் ஒரு வீடியோ கேமராவை வாடகைக்கு எடுத்தபோது எனக்கும் நடுங்கியது. நான் எடுத்ததைப் போட்டுப் பார்த்த முத்திருளன், "மாப்ள, இது சினிமாவா, டவுன் பஸ் கடைசி சீட்டா?" என்றான். மன்றமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

முத்திருளன் நல்லவன். எனக்காக அவனே ஒரு கருவி செய்தான். இரும்புக் குழாயின் மேல்முனையில் கேமரா, கீழ்முனையில் ஐந்து கிலோ எடைக்கல். நடுவில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டால் படம் ஆடாது.

"ஒரு கைய எடுத்தாலும் போச்சு, பாத்துக்க. இதுலயும் ஆடுச்சுன்னா சென்னைப் படப் போட்டிக்கு நான்தான் கேமரா. கோவிச்சுக்கிறாத மாப்ள."

நான் கோபிக்கவில்லை. எனக்கு ஆடாத ஷாட் ஒன்று வேண்டியிருந்தது, அம்புட்டுத்தான்.

ஆனையூர்ப் பக்கம் ஒரு வயல் கிணறு. கதைப்படி நாயகன் அதற்குள் இறங்க வேண்டும். நாயகன் முத்திருளன். அவனுக்கு நீச்சல் தெரியாது என்பதால் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை வேப்பமரத்தில் கட்டினோம். கிணற்று மேட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டுமே. மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

அவன் பாதி இறங்கியபோது மரத்து முடிச்சு அவிழ்ந்தது. அவன் சுவர்க்கல்லைப் பற்றிக்கொண்டிருந்ததால் கயிறு அவசரமில்லாமல் என் கால் பக்கமாக ஊர்ந்தது. குனிந்தால் பிடித்திருக்கலாம். குனிந்தால் படம் ஆடும்.

அவன் நேராக லென்ஸைப் பார்த்து, "விடாத மாப்ள!" என்று கத்தினான்.

கேமராக்காரனைப் பார்த்து ஒருவன் விடாதே என்றால் என்ன அர்த்தம் ஐயா? ஷாட்டை விடாதே என்றுதானே. நான் விடவில்லை. அவன் விழுந்து, இரண்டு தடவை மேலே வந்து, தண்ணீர் பழையபடி கண்ணாடியாகும்வரை விடவில்லை.

மன்றத்தில் அதைப் போட்டார்கள். எல்லோரும் அழுதார்கள். ஆடியது என்று ஒருவரும் சொல்லவில்லை.

நீங்களும் நாலு தடவை பார்த்துவிட்டு, "பாவம், நடிக்கிறான்னு நெனச்சுட்டான்" என்று ஏட்டையாவிடம் சொன்னீர்கள். என்னைப் போகவும் சொல்லிவிட்டீர்கள். போயிருப்பேன். ஆனால் அவன் கத்துவதற்கு முன்னால் ஒரு நொடி சத்தமே இல்லை, கேமராவைச் சரியாகக் கையாளத் தெரியவில்லை என்று அறிக்கையில் எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கையாண்டதில் ஒரு குறையும் இல்லை. அவன் முழுதாகக் கத்தியது, "கயித்தப் புடி, விடாத மாப்ள!" முதல் இரண்டு சொல்லையும் மறுநாள் உட்கார்ந்து அழித்தது நான்தான். ஷாட்டோடு அவை ஒட்டவில்லை.

மற்றபடி நடந்ததை நடந்தபடியே எடுத்திருக்கிறேன், ஐயா.