லண்டனிலையிருந்து அமத்தின பட்டன்

ஹலோ... இல்லை, சிவகௌரி இல்லை. அவவின்ரை போனைத்தான் நான் எடுத்தனான்... தில்லைநாதன். கொடிகாமம், நாய் பழக்கிற... ஓம் ஓம், நீங்கள் அவவின்ரை தமையன்தானே, லண்டனிலை. சுகமோ தம்பி?... கரவெட்டியிலைதான் நிக்கிறன், உங்கடை வீட்டு முத்தத்திலை. உங்கடை தங்கச்சிப் பிள்ளைதான் கூப்பிட்டவ, வந்தனான்.

ஓம், பக்கத்திலைதான் நிக்கிறா. குடுக்கிறன். அதுக்கு முன்னம் ஒரு விசயம். இப்ப இந்தப் போன் அடிச்சுதெல்லே? அடிச்ச உடனை உங்கடை சீசர் நிண்ட இடத்திலை மூத்திரம் பெய்துபோட்டுக் கதிரைக்குக் கீழை பூந்திட்டுது. மூண்டு வயசு அல்சேஷன்... சிரிக்காதேங்கோ. நான் பகிடி விடேல்லை.

...ஓம், கடிச்சதைப் பாத்தனான். பிள்ளையின்ரை கையிலை ஒன்பது தையல்... ஓம் ஓம், விசர் இருக்கோ எண்டு பாக்கப் பதினாலு நாள் கட்டி வைக்கச் சொன்னவை. நேற்றோடை முடிஞ்சுது. விசர் இல்லை... அதுவும் சொன்னவ. இண்டைக்கு நாலு மணிக்கு மிருக வைத்தியர் வந்து ஊசி போட்டு முடிக்கோணுமெண்டு நீங்கள் சொன்னதாம். அதுதான் நான் முந்தி ஓடிவந்தனான்.

நாயின்ரை கழுத்திலை கட்டுற இந்தக் கறண்ட் பட்டியை அனுப்பினது நீங்கள்தானே?... நல்ல சாமான், ஓம். நான் பட்டியைக் குறை சொல்லேல்லை. நானும் முள்ளுப் பட்டி போட்டுப் பழக்கிறவன்தான். நாய்க்கு நோகுமெண்டு அழுகிற ஆளில்லை. ஆனா முதல் ஒரு மாசம் பட்டியைத் தொடமாட்டன். இரு எண்டா என்ன, வா எண்டா என்ன எண்டு சாப்பாடு குடுத்து விளங்கப்படுத்துவன். விளங்கினதைச் செய்யாமல் விட்டாத்தான் பட்டியிலை ஒரு சுண்டு. பிழை விடுற அந்த நேரத்திலை, அதோடை விட்டிடுவன். கொஞ்சம் பிந்தினாலும் என்னத்துக்கு அடி விழுந்ததெண்டு நாய்க்குத் தெரியாது...

அதுக்குத்தான் வாறன். நீங்கள் லண்டனிலையிருந்து இந்த முத்தத்துக் கமராவிலை பாப்பியள். நாய் படலையடியிலை நிண்டு குலைக்கும். அது உங்கை வந்து தெரியவே கொஞ்சம் பிந்தும். பிறகு நீங்கள் போன் எடுப்பியள். பிள்ளை குசினிக்குள்ளையிருந்து ஓடிவருவா. ரிமோட்டை அமத்து எண்டு சொல்லுவியள்... ஓம், ஒரு நிமிசம்தான். அந்த ஒரு நிமிசத்திலை நாய் குலைச்சு முடிச்சுத் திரும்பி வந்து பிள்ளையின்ரை காலடியிலை படுத்திடும். அப்பத்தான் கறண்ட் அடிக்கும். குலைச்சதுக்கில்லை தம்பி. வந்து படுத்ததுக்கு.

...பட்டி போட்டு நாலு மாசம். ஒரு நாளைக்குப் பதினைஞ்சு தரம் எண்டு சொல்லுறா... அவவிலை என்ன பிழை? உங்கடை வீட்டிலை இருக்கிறவ, நீங்கள் சொன்னாச் செய்யாமல் விடுவாவோ?

முதல் போன் அடிக்கும், பிறகு பிள்ளை வரும், பிறகு நோகும். நாய் அதைத்தான் பழகினது. அண்டைக்குப் போனைக் காதிலை வைச்சுக்கொண்டு நாய்க்குக் கிட்டக் குனிஞ்சிருக்கிறா. கடிச்சுப்போட்டுது. நானெண்டால் முதல் மாசமே கடிச்சிருப்பன்.

என்ன?... இப்ப என்ன சொன்னனீர்? உமக்குப் படிப்பிக்க வேண்டாமோ? இஞ்சை பாரும். அந்த ரிமோட்டிலை கறண்ட் நூறுக்கு எழுவதிலை கிடக்கு. நான் பட்டியைக் கழட்டி என்ரை கையிலை கட்டி இருவதிலை அமத்திப் பாத்தன். விரல் அஞ்சும் கோணிப்போச்சு. நாயின்ரை கழுத்திலை ரெண்டு ஓட்டை, மயிருக்குள்ளை மறைஞ்சு சீழ் கட்டிக் கிடக்கு... ஓம், கமராவிலை அது தெரியாதுதான்.

சரி சரி, கத்தாதையும். நாயைத் திருத்தலாம். மூண்டு கிழமை தாரும். பிள்ளை தன்ரை கையாலை சோறு குடுக்கட்டும், நான் ஒவ்வொரு நாளும் வாறன். இந்த வீட்டிலை போன் சத்தம் மட்டும் கேக்கக்கூடாது... ஓம், சத்தத்தை நிப்பாட்டித்தான் வைக்கப்போறம். நீர் எடுத்தா அவவுக்குத் தெரியாது. பின்னேரம் தானா உமக்கு எடுப்பா. அவ்வளவுதான்...

உடனை எடுக்கோணுமோ. ஏன், வீட்டிலை நெருப்பே பத்தினது?... நாப்பத்தொரு வயசுப் பொம்பிளை, எங்கை போறா, ஆரோடை கதைக்கிறா எண்டு... நாய்க்கதைதான் கதைக்கிறன். இதுகும் நாய்க்கதைதான்.

இரும், பிள்ளை என்னவோ சொல்லுறா... மூண்டே மூண்டு கிழமையாம். உம்மட்டைக் கேக்கச் சொல்லுறா. கையெடுத்துக் கும்பிடுறா. தெரியுதோ உமக்கு?...

ம். விளங்குது. போன் எடுக்காமல் இருக்கிறதைவிட நாயை முடிக்கிறது லேசு.

சரி, உம்மடை நாய். ஊசிக்கு நான் நிண்டு பிடிப்பனெண்டு நினைக்காதையும், என்னட்டை அது வராது. பிள்ளைதான் கூப்பிடோணும். இவ்வளவு செய்தும் அவ கூப்பிட்டா இப்பவும் வருது, வயித்தாலை ஊர்ந்து ஊர்ந்து. வந்து மடியிலை தலையை வைக்கும். ஊசி போட்டு முடியுமட்டும் அவ அப்பிடியே வைச்சிருக்கோணும்.

கமராவுக்கு நேரைதான் செய்யப்போறம். எங்கடை நாலு மணி, உங்கை பதினொண்டரை. ஒருக்காப் பாரும்... ஏன், பாக்க ஏலாதோ? இவ்வளவு நாளும் பாத்தனீர்தானே... மனம் கேளாதோ?

ஹலோ... ஹலோ...

வைச்சிட்டான், பிள்ளை... இல்லை. ஊசி வேண்டாமெண்டு மாத்திச் சொல்லேல்லை.